மாமன் சீராகப் போன கிடார்

போன வாரம் என் சொந்த கிடாரை இரவல் வாங்கினேன்.

அதுவும் எங்கே? ரெட்டியார்சத்திரத்தில், மெயின் ரோட்டு டீக்கடை வாசலில், ஒரு வேன் டிரைவரிடம். "வாசிச்சு முடிச்சதும் பத்திரமாத் திருப்பிக் குடுத்துப்போடோணுங்க" என்று அவர் கறாராகச் சொல்ல, நான் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற என் மனைவி ஜெயா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ரோட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள். சிரிப்பு.

இந்த நிலைமைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன்? முதலிலிருந்து சொன்னால்தான் சரியாக இருக்கும்.

என் அக்கா வசந்தாவின் மகள் சரண்யாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஒட்டன்சத்திரம். இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ்... மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். அப்புறம் இறங்கி வந்தார்கள். இறங்கி வந்த வேகத்தில் மண்டபமே புக் ஆகிவிட்டது.

நான் தாய்மாமன். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்பது சும்மா ஒரு கவரை நீட்டிவிட்டுச் சாப்பிடப் போகிற சமாச்சாரம் இல்லை. தட்டுத் தட்டாக, மேளத்தோடு, நாலு தெரு பார்க்க வர வேண்டும். "என்ன வேணும் தாயி?" என்று சரண்யாவிடம் கேட்டேன். செயின், வாட்ச், வாஷிங் மெஷின் என்று எதையோ சொல்லப் போகிறாள் என மனசைத் திடப்படுத்திக்கொண்டுதான் கேட்டேன்.

"சேலையெல்லாம் அத்தை பாத்துக்கிருவாங்க மாமா. நீங்க ரிசப்ஷன்ல கிடார் வாசிக்கணும். நான் பாடணும்."

"கச்சேரிக்காரங்கதான் வாராங்கல்ல? அவங்ககூடப் பாடு."

"அது, பொண்ணு ஆசைக்கு ஒரு பாட்டுப் பாடுச்சுன்னு அதோட போயிரும். நீங்க வாசிச்சு நான் பாடுனா, ஓகோ, இது இவங்க வீட்டுப் பழக்கம்னு ஆயிரும்." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த வீட்டுல யாரும் பாடுறவங்க இல்ல மாமா. போய்ச் செத்த நாள் கழிச்சு அடுப்படியில நின்னுக்கிட்டு வாயத் தொறந்தா, என்னடா இதுன்னு பாப்பாங்க. அப்பறம் நானே பாடாம விட்டுருவேன். மொத நாளே எல்லாருக்கும் முன்னாடி பாடிட்டா, இந்தப் புள்ள பாடுற புள்ளன்னு ஆயிரும்ல?"

இந்தப் பெண் பல் தேய்க்கும்போதும் பாடும், துணி காயப்போடும்போதும் பாடும். கல்யாணம் என்றதும் நாமெல்லாம் மண்டபம், பந்தல், பந்தி என்று அலைகிறோம். அவளோ தன் குரலை எந்தப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வாசிக்கிறேன் தாயி" என்றேன்.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, பீரோ மேலிருந்த கிடாரை இறக்கினேன். அங்கேதான் ஆரம்பித்தது.

இந்த கிடார் இளமை வேகத்தில் வாங்கியது. அப்போது வாசித்தேன்... வாசித்ததாக நான் நினைத்தேன். பிறகு வேலை, குடும்பம், முழங்கால் வலி. கிடார் பீரோ மேலே போனது. எங்கள் ஊர்க் கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேலே ஓட்டு வெக்கை, கீழே பீரோத் தகரத்தின் சூடு. இரண்டுக்கும் நடுவில் வருஷக்கணக்காகப் படுத்துக் கிடந்த மரம் என்ன ஆகும்? கழுத்து முன்பக்கமாக வளைந்து, கம்பிகள் மேலே தூக்கிக்கொண்டு நின்றன. கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு அணில் தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம். ஒரு கம்பியை அமுக்கிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. விரலில் ரத்தம்தான் வந்தது.

ரிப்பேருக்குக் கொடுக்கலாம் என்று வாத்தியக் கடைக்குப் போனேன். மிக்ஸிக்கு ஆள் உண்டு, மோட்டாருக்கு ஆள் உண்டு, கிடாருக்கு? "விட்டுட்டுப் போங்க சார், மதுரைலருந்து ஒருத்தர் வருவாரு" என்றார்கள். எப்போது வருவார்? "வருவாரு." இந்த 'வருவாரு'வை நம்பிக் கல்யாணத்தைத் தள்ளிப்போட முடியுமா?

நாமே பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். செல்போன் இருக்கிறது. அதில் வீடியோ இருக்கிறது. வீடியோவில் நீளத் தாடி வைத்த ஒருவர் இருக்கிறார். இதைவிட வேறென்ன வேண்டும்?

தாடிக்காரர் முதலில் சொன்னது, கழுத்துப் பலகை வறண்டிருந்தால் எண்ணெய் போடு என்பது. ஏதோ ஒரு எண்ணெய்ப் பெயர் சொன்னார். நான் கேட்டதே இல்லை. எண்ணெய் என்றால் எண்ணெய்தானே? கதவுக் கீலுக்கு, தலைக்கு, தோசைக்கல்லுக்கு, வெடித்த உதட்டுக்கு என எல்லாவற்றுக்கும் நம் வீட்டில் ஒரே வைத்தியம்தான். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, பச்சைப் பிள்ளைக்குத் தேய்க்கிற மாதிரி உருவி உருவித் தேய்த்தேன். பலகை பளபளவென்று மின்னியது.

காலையில் எழுந்து பார்த்தால், பலகை ஊர்ந்துகொண்டிருந்தது.

எறும்பு. ஜன்னலில் புறப்பட்டு, சுவர் வழியாக இறங்கி, கிடாரின் நடு ஓட்டைக்குள் வரிசையாகப் போய்வந்துகொண்டிருந்தது. ஜெயா காபி டம்ளரோடு வந்து நின்று பார்த்தாள்.

"கிடாருக்குத் தலை சீவிப் பூ வைக்கலையா?"

எறும்பைத் துரத்த ஒரு நாள் முழுக்கப் போனது. எண்ணெய்ப் பிசுக்கை வழித்தெடுக்க இன்னும் நேரம் பிடித்தது. துணி, பழைய டூத் பிரஷ், அப்புறம் கெஞ்சல்.

அடுத்தது கழுத்து நிமிர்த்தும் படலம். கிடாரின் கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறதாம். அதன் நுனியில் உள்ள திருகை ஓட்டைக்குள் கைவிட்டு இறுக்கினால் வளைந்த கழுத்து நிமிருமாம். திருகுவதற்கு அறுகோண இரும்புச் சாவி வேண்டும். புதுக் கட்டில் வாங்கியபோது பூட்டுவதற்காகக் கொடுத்த சாவி ஒன்று அலமாரியில் கிடந்தது. போட்டுப் பார்த்தேன். அளவாகப் பொருந்தியது. அந்தப் பொருத்தத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வலப்பக்கம் திருப்பினால் இறுகும் என்றார் தாடிக்காரர். யாருடைய வலப்பக்கம்? அவர் கிடாரை மேஜையில் கிடத்தியிருந்தார். நான் மடியில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குத்துமதிப்பாகத் திருப்பினேன். அணில் வீட்டுக்கு மாடி கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. கம்பி இன்னும் மேலே போய்விட்டது.

மறுபடி எதிர்ப்பக்கம் திருப்பினேன். கால் சுற்றுதான் திருப்ப வேண்டும், திருப்பிவிட்டு மரம் பழகுவதற்கு ஒரு நாள் விட வேண்டும் என்பது விதி. நமக்கு ஏது அம்புட்டுப் பொறுமை? திருப்பினேன், பார்த்தேன். மறுபடி திருப்பினேன், பார்த்தேன். ஜெயாவால் பொறுக்க முடியவில்லை.

"மாவக் கரைச்சு வச்சிட்டு, பொங்கிருச்சா பொங்கிருச்சான்னு நிமிசத்துக்கு ஒருக்காத் தெறந்து பாப்பாங்களா? மூடி வச்சிட்டுப் போய்ப் படுங்க."

போய்ப் படுத்தேன். காலையில் கழுத்து நிமிர்ந்திருந்தது. தாடிக்காரர் பக்கம் பக்கமாகப் பேசி என் மண்டையில் ஏற்ற முடியாததை ஜெயா மாவுச் சட்டியை வைத்து ஏற்றிவிட்டாள்.

அப்புறம், கம்பிகளெல்லாம் உடம்புப் பக்கத்தில் ஏறி உட்காருகிற வெள்ளைப் பட்டை. அது உயரமாக இருந்தாலும் கம்பி உயரும். கழற்றி உப்புத்தாளில் தேய்க்கலாம். தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கச் சுகமாக இருந்தது. டிவி பார்த்துக்கொண்டே தேய்த்தேன். மாட்டினால், கம்பி இப்போது பலகையில் உரசி, 'ஙொய்ங்' என்று ஈ பறக்கிற சத்தம். அதிகமாகத் தேய்த்துவிட்டேன்.

தேய்த்ததை வளர்க்க முடியுமா? அடியில் ஏதாவது முட்டுக் கொடுக்கலாம் என்றார் தாடிக்காரர். கெட்டியான, வழவழப்பான, மெல்லிய அட்டை. வீட்டில் அப்படி என்ன இருக்கிறது? மேஜை மேல் கட்டுக் கட்டாக இருந்தது, சரண்யாவின் கல்யாணப் பத்திரிகை. ஒன்றை எடுத்து ஓரத்தைச் சீவி அடியில் செருகினேன். ஈ பறந்து போனது. மீண்டும் கம்பியைத் தட்டினால்... அடடா. மணி மாதிரி ஒரு நாதம்.

அந்தப் பத்திரிகை யாருக்குப் போக வேண்டியதோ தெரியாது. அவர் கல்யாணத்துக்கு வரவில்லை என்றால் காரணம் இந்தப் பத்தியில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் ஆளே மாறிவிட்டேன். பழைய கம்பிகளைக் கழற்றிப் புதுக் கம்பி போட்டேன். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். தலைப்பக்கத் திருகுகளுக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில். (தேங்காய் எண்ணெய் இல்லை.) காய்கறிக் கடையில் நின்றுகூட மரத்தின் ஈரப்பதம் பற்றிப் பேசினேன். கடைக்காரர் முருங்கைக்காயைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவைத்தார்.

நடுவில் சரண்யா போன் செய்வாள். "மாமா, ஒருக்காச் சேந்து பாடிப் பாத்துருவமா?"

"புதுக் கம்பி போட்டிருக்கேன் தாயி. இழுத்து அடங்கட்டும்."

அடுத்த முறை, "கழுத்துல இன்னும் கால் சுத்து பாக்கி இருக்கு தாயி."

அதற்கடுத்த முறை ஜெயாவே கேட்டாள், "எல்லாஞ் சரி, அந்தப் பாட்ட வாசிச்சுப் பாத்தீங்களா?"

"மொதல்ல கருவி சரியா இருக்கணும். மத்ததெல்லாம் தானா வரும்."

இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

கல்யாண நாள் வந்தது. காலையில் முகூர்த்தம், சாயங்காலம் அதே மண்டபத்தில் ரிசப்ஷன். சீர் புறப்படும் நேரத்தில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, கிடார எங்க?"

"கார்ல இருக்குக்கா. சாயங்காலம்தானே?"

"எந் தம்பி சீராப் பாட்டுத் தாரான்னு சம்பந்தி வீடு பூராச் சொல்லி வச்சிருக்கேன். பாட்டத் தட்டுல வைக்க முடியுமா? கிடாரக் கொண்டா."

நான் மறுப்பதற்குள் கிடார் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் ஏறிவிட்டது. நெஞ்சில் சந்தனம், மூன்று இடத்தில் குங்குமம், கழுத்தைச் சுற்றித் தண்ணீர் சொட்டச் சொட்ட மல்லிகைச் சரம். எறும்புப் படையிடமிருந்து மீட்டு வந்த என் கிடார், புதுப்பெண் மாதிரி, பழத்தட்டுக்கும் சேலைத்தட்டுக்கும் நடுவே இரண்டு பெண்கள் தூக்க, மேளத்தோடு வெயிலில் போனது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொரு தட்டாகத் தொட்டு வாங்கினார். கிடாரை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஏன் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார் என்று அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? தட்டில் வந்தால் அது சீர். வாங்கியாயிற்று என்றால் அது அவர்கள் வீட்டுப் பொருள். பிறந்ததிலிருந்து நூறு கல்யாணம் பார்த்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். என் கிடாருக்கும் அதே சட்டம்தான் என்பதுதான் தோன்றவில்லை.

சாப்பாடு முடிந்து, ரிசப்ஷனுக்கு முன்னால் ஒரு தடவை கம்பியைச் சுதி பார்க்கலாம் என்று தேடினேன். மணமகன் அறையில் கிடார் இல்லை. தட்டும் இல்லை. "சீரெல்லாம் வேன்ல ஏத்தி ஊருக்கு அனுப்பியாச்சுங்களே, இப்பத்தான் கெளம்புச்சு" என்றார்கள்.

அக்காவிடம் ஓடினேன். அவள் என்னை ஓரமாக இழுத்தாள்.

"சம்பந்தி அம்மாகிட்டப் போய்க் கேட்டுறாத. குடுத்த சீரத் திருப்பிக் கேட்டாங்கன்னு ஆயிரும். நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த வாசல்ல போய் நிப்பேன்?"

அலங்காரம் நடந்துகொண்டிருந்த அறையிலிருந்து சரண்யா எட்டிப் பார்த்தாள். ஒரு கண்ணுக்குத்தான் மை தீட்டியிருந்தது. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். என் கார் மற்ற வண்டிகளுக்குள் அடைபட்டுக் கிடந்தது; யாருடைய ஸ்கூட்டியையோ வாங்கி நானும் ஜெயாவும் ஏறினோம்.

பழனி ரோடு. நல்லவேளை, டிரைவருக்கு டீ குடிக்கத் தோன்றியிருக்கிறது. ரெட்டியார்சத்திரத்தில் வேன் நின்றிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"சீர் வண்டியத் திருப்பக் கூடாதுங்களே."

"வண்டி வேணாங்க. கிடார் மட்டும்."

"சீர்ல ஒண்ணக் கொறைக்கவும் கூடாதுங்களே. அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போடறனுங்க."

வேண்டாம் என்று நான் கை நீட்டுவதற்குள் போன் போட்டுவிட்டார். ஸ்பீக்கரில். யாருக்குத் தெரியக் கூடாது என்று இவ்வளவு தூரம் ஓடிவந்தோமோ, அந்த அம்மாவே லைனில். அவர் முழுசாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"சீரு சீருதானுங்க, அது இனி எங்க ஊட்டுது. அண்ணன் வாசிக்கறதுக்கு எரவலாக் குடு. வாசிச்சுப்போட்டு எங்கட்டயே குடுத்துரட்டும்."

எந்தக் கோர்ட்டில் இப்படி ஒரு தீர்ப்பு வரும், சொல்லுங்கள். அக்காவின் மானமும் போகவில்லை, சீரும் குறையவில்லை, பாட்டும் நிற்கவில்லை.

கிடாரை வாங்கிப் பார்த்தேன். வெயிலும் மல்லிகைத் தண்ணீரும் சேர்ந்து ஒரு கம்பிகூடச் சுதியில் இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பூவைப் பிரித்து ஜெயாவிடம் கொடுத்தேன். துடைத்தேன். சட்டைப் பையிலிருந்து அந்தக் கட்டில் சாவியை எடுத்து, ஓட்டைக்குள் கைவிட்டு, ஒரு நூல் அளவு திருப்பினேன். தலைப்பக்கத் திருகுகளை ஒவ்வொன்றாக முறுக்கினேன். மொத்தக் கம்பியையும் ஒரு இழுப்பு இழுத்தேன். டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

"எம்புட்டுத் தேறிட்டாரு" என்றாள் ஜெயா, டிரைவரிடம்.

"பெரிய வித்வானுங்களா?" என்று கேட்டார் அவர்.

நான் மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம்.

ரிசப்ஷன் மேடை. மண்டபம் நிறைய ஆட்கள். முன் வரிசையில் மாப்பிள்ளை வீட்டார். சரண்யா மைக் முன்னால் வந்து நின்றாள். நான் நாற்காலியில். ஆரம்பம் பிரமாதம். கம்பிகள் தேன் மாதிரி பேசின. அவள் பாட ஆரம்பித்தாள். பல்லவி முடிந்தது. அடுத்து விரலை எங்கே வைக்க வேண்டும்?

தெரியவில்லை.

இத்தனை நாளில் அந்தக் கழுத்தில் நான் எண்ணெய் போட்டிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், நிமிர்த்தியிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்தப் பாட்டை முழுசாக வாசித்துப் பார்க்கவில்லை. எங்கேயோ வைத்தேன். தப்பு. வேறு எங்கேயோ வைத்தேன். பெரிய தப்பு. கருவியில் ஒரு குறையும் இல்லாததால் தப்பும் படு சுத்தமாக, மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

உண்மையைச் சொல்லட்டுமா? ஒரு வேலைக்குத் தயாராவதில் இருக்கிற சுகம் அந்த வேலையைச் செய்வதில் இல்லை. புது ஷூ வாங்குகிறோம், வாக்கிங் போவதில்லை. பிள்ளைக்கு மேஜை, விளக்கு, பேனா எல்லாம் வாங்கிக் கொடுக்கிறோம், அது உட்கார்ந்து படிப்பதில்லை. சரிசெய்துகொண்டே இருக்கும்வரை யாரும் நம்மை வாசிக்கச் சொல்ல முடியாது, பாருங்கள். நான் கிடாரைப் பழுது பார்த்தேனா, பயத்துக்குச் சோறு போட்டு வளர்த்தேனா?

சரண்யா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நான் உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்து அமுக்கிக்கொண்டேன். வேண்டுமென்றே நிறுத்திய மாதிரி கண்ணை மூடித் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் நிறுத்தவில்லை. தனியாகப் பாடினாள். பந்திப் பக்கம் பாத்திரச் சத்தம் அடங்கியது. அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தைகூட நிறுத்திவிட்டுப் பார்த்தது. மாப்பிள்ளையின் அம்மா நாற்காலி நுனிக்கு வந்து, முகவாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பாடி முடித்ததும் கைதட்டல். அக்கா மூக்கை உறிஞ்சினாள். நான் எழுந்து, கிடாரை இரண்டு கையாலும் சம்பந்தி அம்மாவிடம் கொடுத்தேன். இரவல் திரும்பியது.

என் வண்டவாளம் யாருக்கும் தெரியவில்லை என்று நிம்மதியாக இருந்தேன்... நேற்று வரை.

நேற்று அந்த அம்மா போன் செய்தார்.

"ஏனுங்கண்ணா, சௌக்கியமா இருக்கறீங்களா? அம்மிணி நல்லா இருக்குதுங்க. பொழுது சாஞ்சு வெளக்கு வெச்சதும் ஒரு பாட்டுப் பாடு கண்ணுன்னு நாந்தானுங்க உக்கார வெக்கறது. அவிய மாமனாரு டிவிய அமத்திப்போட்டு வந்து உக்காந்துக்கறாருங்க. பக்கத்து ஊட்டுக்காரங்களும் வந்தர்றாங்க."

கேட்கக் கேட்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வேகத்தில், "கிடார் எப்படிம்மா இருக்கு? கம்பியெல்லாம் இந்நேரம் தளந்திருக்கும். ஒரு நாள் வாரேன். சரி பண்ணிட்டு, புள்ள பாடுறப்போ அப்படியே வாசிச்சுட்டும் போறேன்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு செருமல்.

"வாங்கண்ணா, கட்டாயம் வாங்க. கோழி அடிச்சு விருந்து வெச்சுப்போடறமுங்க. கம்பியெல்லாம் நல்லாச் சரி பண்ணிக் குடுங்க. வாசிக்கறதுக்கெல்லாம் எதுக்குங்கண்ணா வீணாச் செரமப்படறீங்க?"

வாசிக்க வேண்டாம் என்று இவ்வளவு மரியாதையாக என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.